பாதி ஆட்டத்தில் ஒருவர் போய்விட்டால்

இணையத்தில் ரம்மி ஆடும்போது ஒருவர் நடுவில் காணாமல் போனால் பெரிய நட்டமில்லை. 'மிடில் டிராப்' (நடுவில் கைவிட்டார்) என்று அவர் கணக்கில் 40 புள்ளிகளை ஏற்றி, அவருடைய 13 சீட்டுகளை ஒதுக்கிவிட்டு மற்றவர்கள் தொடரலாம். எடுப்பதற்குக் கட்டில் சீட்டு இருக்கும். நான்கு பேர் இரண்டிரண்டு கூட்டாளிகளாக ஆடும் 'இருபத்தெட்டு' சீட்டாட்டத்தில் அந்த வசதி கிடையாது. 32 சீட்டுகளும் நான்கு கைகளுக்குள் போய்விடுவதால், ஒருவர் வெளியேறினால் 8 சீட்டுகள் அவரோடு முடங்குகின்றன, எதிரே அமர்ந்திருக்கும் கூட்டாளியும் செயலற்றுப் போகிறார்.

புதுச்சேரியில் லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டைக்காரர்கள் இருவர், கடலூர் மஞ்சக்குப்பத்தில் அத்தை மகன், பாரிசில் குடியேறிவிட்ட சித்தப்பா என, அலைபேசியில் இருபத்தெட்டு ஆடும் எங்கள் மேசை நான்கு ஊர்த்திசைகளில் பரந்து கிடக்கிறது. இங்கே இரவு ஒன்பதரை என்றால் கோடைக்காலத்தில் அங்கே மாலை ஆறு. சித்தப்பா மெட்ரோவில் வந்துகொண்டிருப்பார். இந்தப் பக்கமோ மழை வலுத்தாலே மின்சாரம் போகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவில் யாரும் சீட்டை நினைத்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். அலைபேசி இணைப்பு அறுந்தால் அது விடைபெற்றுக்கொண்டு போவதில்லை. சீரான இடைவெளியில் வரவேண்டிய சிறு சமிக்ஞை வராதபோதுதான் சர்வருக்கே சந்தேகம் எழுகிறது. ஓடிப்போனவரையும் மின்வெட்டில் சிக்கியவரையும் அந்த நொடியில் பிரித்தறிய முடியாது என்பதால், ஒரு நிமிடமாவது இருக்கையை அப்படியே வைத்திருப்பதுதான் நியாயம்.

அதற்குப் பிறகு சில செயலிகள் செய்வதைத்தான் நான் ஏற்க மாட்டேன்: ஆட்டத்தைக் கலைத்துவிடுகின்றன. மொத்தம் 28 புள்ளிகளில் 20 எடுப்பதாகத் துணிந்து ஏலம் கேட்டவர், நான்காவது பிடியிலேயே (பிடி என்பது நால்வரும் ஆளுக்கொரு சீட்டு போடும் சுற்று) தோல்வி உறுதி என்று தெரிந்தால் டேட்டாவை அணைக்காமல் வேறென்ன செய்வார்? தோற்பவருக்குத் தப்பும் வழியைத் திறந்து வைத்துவிட்டு, அவர் ஒழுக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆட்டம் கடைசிப் பிடிவரை நடந்தே தீரவேண்டும், அதற்குப் போனவர் இடத்தில் எந்திரம் ஒன்று, அதாவது தானே ஆடும் நிரல், அமர வேண்டும். பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்கான பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் தளத்தில் மாற்று ஆட்டக்காரரையோ ரோபோவையோ அமர்த்துவது நெடுநாளைய வழக்கம்.

இருபத்தெட்டில் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் நான்கு சீட்டுகளைப் பார்த்துக் கேட்டவர், துருப்பைக் கவிழ்த்து வைத்திருப்பார். அது திறக்கப்படும்வரை அவர் ஒருவருக்கே தெரியும். போனவர் அவராக இருந்தால், அவரிடத்தில் அமரும் எந்திரத்துக்கும் அந்தத் துருப்பு தெரிந்தாக வேண்டும். ஆனால் மற்ற மூவரின் கைகள் தெரியவே கூடாது. எல்லாச் சீட்டுகளும் சர்வரில்தான் இருக்கின்றன என்பதால், சோம்பலாக எழுதிய நிரல் எளிதில் எட்டிப் பார்த்துவிடும்; எதிரணியிடம் இருக்கும் ஜாக்கி (இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய சீட்டு) எந்தப் பிடியில் விழும் என்று தெரிந்து ஆடும் எந்திரம், ஓடிப்போனவரைவிட மோசமானது.

திரும்பி வருபவருக்கு இருக்கை உடனே கிடைக்க வேண்டும். இடையில் எந்திரம் போட்ட சீட்டுகளை மாற்றக் கேட்கக் கூடாது. அந்தக் கையின் புள்ளி எப்படியிருந்தாலும் நிற்கட்டும், ஆனால் தரவரிசையில் இழப்பு விட்டுப்போனவர் பெயரில் மட்டும் ஏறட்டும், எந்திரத்தோடு முடித்த கூட்டாளியின் கணக்கைத் தொட வேண்டாம். ஒருமுறை இணைப்பு அறுந்தவரைத் தண்டிக்கவும் வேண்டாம். தோற்கும் கைகளில் மட்டும் தவறாமல் அறுகிறதா என்று பார்த்தால் போதும்.