பொக்ரான் சார்

குரூப்பில் சார் படத்தை மாலையோடு பார்த்தபோது இங்கே நியூஜெர்சியில் காலை ஆறு மணி, ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். நம் பள்ளியின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று முன்னாள் மாணவர் சங்கத்தில் கேட்டு மூன்று மாசமாகிறது. சரி, இப்போது எழுதுகிறேன்.

1998 மே மாசம் ராஜஸ்தான் பொக்ரானில் இந்தியா ஐந்து அணுகுண்டு வெடித்துச் சோதித்தபோது நமக்குக் கோடை விடுமுறை. மந்தைவெளியில் எங்கள் தெருவில் சரவெடி போட்டார்கள், நானும் ஒன்று கொளுத்தினேன். மாசம் முடிவதற்குள் பாகிஸ்தானும் வெடித்துவிட்டது. பள்ளி திறந்ததும் வரலாறு சார், ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாளுக்கு ஒரு கூட்டம் வைக்கலாம் என்றார். ஆனால் வழக்கமான பேச்சுப்போட்டி ஆட்கள் மட்டும் பேசக்கூடாதாம். ஆறாம் வகுப்புப் பையன், கேன்டீன் அக்கா, பட்டாளத்தில் இருந்து வந்த வாட்ச்மேன் அண்ணன், எல்லாருக்கும் மைக். எனக்குப் பாகிஸ்தானாகப் பேசும் வேலை.

நான் என்ன செய்தேன் என்று உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். கழுத்தில் கர்ச்சீப், சினிமா வில்லன் குரல், இடையிடையே ஒரு சிரிப்பு. விசில் பறந்தது. சார் அது அடங்கும்வரை காத்திருந்தார். அப்புறம், "சிரிக்க வச்சுட்ட. அந்த ஊர்லயும் உன் வயசுப் பையன் ஒருத்தன் இருப்பான்ல, இப்ப அவன் பேசட்டும்" என்றார். ஒரு வார்த்தை வரவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

அப்படியே நிற்க, வாட்ச்மேன் அண்ணன் வந்தார். 71 சண்டை முடிந்து இரண்டு பக்கமும் பிணம் எடுக்க வந்தபோது இவர்களிடம் மண்வெட்டி பத்தவில்லையாம், எதிர்ப்பக்கத்து ஆள் ஒன்று கொடுத்தானாம். "திருப்பிக் குடுத்தோமான்னு ஞாபகம் இல்ல" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

அன்றைக்கு மதியமே சாருக்குப் பொக்ரான் சார் என்று பெயர் வைத்தது நான்தான். இதுவரை ஒத்துக்கொண்டதில்லை.

ராஜாஜி 83 வயசில் வாஷிங்டன் போய்க் கென்னடியிடம் அணுச் சோதனையை நிறுத்தச் சொன்ன கதையை அவரிடம் எத்தனை தடவை கேட்டிருப்போம்! அது 1962. மறுவருஷமே ஒப்பந்தம் வந்ததும் ராஜாஜி கணக்கில்தான் சேரும், சார் சொல்வதைப் பார்த்தால். அந்த ஒப்பந்தம் நிலத்தடிச் சோதனையை விட்டுவிட்டது, நாம் வெடித்தது அங்கேதான் என்பதை மட்டும் குரலை இறக்கிச் சொல்வார்.

விசா வந்ததைச் சொல்லப் போனபோது, நியூயார்க்கில் ஐ.நா. வளாகத்தில் குழலில் முடிச்சுப் போட்ட வெண்கலத் துப்பாக்கிச் சிலை இருக்கிறது, பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா என்றார். வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. 22 வருஷம் போய்விட்டது. ஒவ்வொரு முறை சென்னை வரும்போதும் மயிலாப்பூர் பக்கம் போகாமல் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். மற்ற காரணங்கள் உங்களுக்கும் இருக்கும்.

போன வாரம் லீவு போட்டுப் போய் எடுத்தேன். குரூப்பில் போட்டேன். பதினாலு கட்டைவிரல் வந்தது. ஒருத்தன் மட்டும் கேட்டான், "மச்சி, இது எந்த மால்?"