கதைக்காத நாட்கள்

பெப்ரவரி 6, 2021, சனி

ஒரு சொல்லும் கூடாது. கிசுகிசுப்பதும் கூடாது, அது தொண்டையை இன்னும் இறுக்கும் என்று தாதி இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். மகளின் வெள்ளைப் பலகையை இரவல் வாங்கியிருக்கிறேன். அதில் முதலில் எழுதியது: "பருப்புக்கு உப்புப் போட்டாயா?"

பெப்ரவரி 8, திங்கள்

பனி. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோவில் வந்தார். "நீ கதைக்காதே, தலையை மட்டும் ஆட்டு" என்றார். பிறகு நாற்பது நிமிடம் கேள்விகள். தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்வி அதில் ஒன்றுகூட இல்லை.

தொண்டையிலிருந்து எடுத்ததை ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். இரண்டு வாரம். சிலவேளை மூன்று. இந்தச் "சிலவேளை"யைச் சொல்லும்போது மருத்துவர் கணினித் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 9, செவ்வாய்

அடுத்த வீட்டுக்காரரின் சுவர் மறுபடியும் அதிர்கிறது. பதினோரு வருடமாக இது நடக்கிறது. முதல் வருடம் என் கணவரை அனுப்பி முறைப்பாடு சொல்லச் செய்தேன். இவர் போய், ஒரு துண்டு ரம் கேக்குடன் திரும்பி வந்தார். அதோடு முறைப்பாடு முடிந்தது.

இன்று செய்ய வேறு வேலை இல்லாததால் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். செங்கல்லைத் தாண்டி வருவது பேஸும் முரசும் மட்டுமே. குரல் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது.

பலகையில் "யாருடைய பாட்டு?" என்று எழுதி, பனிக்குள் வேலியோரம் போய் நின்றேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். பிறகு, "டாடி யூ-ராய்" என்றார். யாருடைய படம் என்று கோயிலில் கேட்டவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

பெப்ரவரி 11, வியாழன்

இரண்டு நாளாக ஹெட்போனில் இந்த யூ-ராய்தான். 1970இல் வந்த மூன்று பாட்டுகள்: 'வேக் த டவுன்', 'ரூல் த நேஷன்', 'வேர் யூ டு த பால்'. மூன்றும் ஒரே காலத்தில் ஜமைக்கா வானொலித் தரவரிசையின் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. பாட்டு என்று எழுதிவிட்டேன். அவர் பாடவில்லை, பேசுகிறார். ஜமைக்காவில் இசைத்தட்டைத் தேர்ந்து போடுகிறவர் செலக்டர். மைக்கைப் பிடித்துப் பேசுகிறவர்தான் டீஜே. அப்படியானால் நானும் ஒரு டீஜே. கணவரிடம் எழுதிக் காட்டினேன், சிரித்தார். நான் சிரிக்கக்கூடாது என்பதை மறந்துவிட்டார்.

எங்கள் வானொலி அறிவிப்பாளர் தொழிலில் முதலில் படிப்பது முன்னிசை. கே.எஸ்.ராஜா இலங்கை வானொலியில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே வருவார்; பாடகர் வாய் திறக்கும் கணத்துக்கு முன் முடித்திருப்பார். சிறுவயதில் நானும் தம்பியும் அவர் இடறுவார் என்று காத்திருப்போம். பாடகர் வந்ததும் அறிவிப்பாளர் வாயை மூட வேண்டும், அதுதான் மரியாதை. இருபது வருடமாக அந்த மரியாதையில்தான் பிழைக்கிறேன்.

யூ-ராய் மூடுவதில்லை! 'வேர் யூ டு த பால்' சில வருடங்களுக்கு முன்பே பாரகன்ஸ் என்ற மூவர் குழு பாடிய பாட்டு. அந்தப் பதிவிலிருந்து குரல்களைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, அங்கங்கே ஒரு வரியை மட்டும் விட்டிருக்கிறார்கள். மூவரும் இனிமையாக ஒரு வரி பாடுவார்கள். அது முடியுமுன்னே இவர் பாய்ந்து விழுவார்; அவர்கள் சொன்னதைக் காதலிக்குத் தானே விளக்கிச் சொல்லும் தரகரைப் போல. அவர்கள் மறைவார்கள். இவர் அந்தக் காலியிடத்தில் கத்துவார், கெஞ்சுவார், சொல்லே இல்லாத ஒலிகளைத் தாளத்தில் தட்டிவிடுவார். மறுபடி ஒரு வரி வரும். அதற்கும் பதில்.

பதினான்கு தடவை கேட்டேன். ஒரு தடவைகூட அவர் தாளத்தைத் துரத்தி ஓடவில்லை. கொஞ்சம் பிந்தி வந்து உட்காருகிறார், விருந்துக்குப் பிந்தி வரும் மாமாவைப் போல. அவர் வந்த பிறகுதான் விருந்து தொடங்குகிறது.

குரலை எடுத்துவிட்ட பாட்டு எப்படி வந்தது என்பதும் ஒரு கதை. ஸ்பானிஷ் டவுனில் சவுண்ட் சிஸ்டம் (ஒலிபெருக்கிப் பெட்டிகளை இறக்கி நடனத்துக்கு இசைத்தட்டுப் போடும் குழு) நடத்திய ரூடி ரெட்வுட், அறுபதுகளின் பிற்பகுதியில் இசைத் தயாரிப்பாளர் டியூக் ரீடின் ட்ரெஷர் ஐல் ஒலிக்கூடத்தில் தனக்கென்று ஒரு தட்டு வெட்டக் கேட்டார். பாரகன்ஸின் 'ஆன் த பீச்'. ஒலிப்பொறியாளர் பைரன் ஸ்மித் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார். ரெட்வுட் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இரவு நடனத்தில் முதலில் குரலோடு போட்டார், பிறகு குரலில்லாத தட்டைப் போட்டார். கூட்டம் முழுவதும் தானே பாடியதாம்.

மறதியில்தான் எல்லாம் தொடங்கியிருக்கிறது.

பெப்ரவரி 12, வெள்ளி

அப்படி வெட்டும் தட்டு மென்மையான அரக்குப் பூச்சு. ஒவ்வொரு தடவையும் ஊசி அதைக் கொஞ்சம் சுரண்டும். சில டஜன் தடவை ஓடினால் தேய்ந்துவிடும். இதை ஏன் வாசித்தேன்.

பெப்ரவரி 14, ஞாயிறு

இவர் ரோஜா வாங்கி வந்தார். பலகையில் "என்ன விலை?" என்று எழுதினேன்.

பெப்ரவரி 15, திங்கள்

பெரியவர் தடுப்பூசி போட்டுவிட்டார், தைரியமாக வேலியோரம் நிற்கிறார். கதைக்க முடியாத ஒருத்தி கிடைத்தால் யாருக்குத்தான் கதை வராது. 1972இல் லண்டனுக்கு வந்தவர். அதற்கு முன் கிங்ஸ்டனில் கிங் டபியின் ஹோம் டவுன் ஹை-ஃபை என்ற சவுண்ட் சிஸ்டம் எங்கே பெட்டிகளை இறக்கினாலும் போவாராம். டபி வானொலிப் பெட்டி திருத்துகிற கைக்காரர். தானே கட்டிய கருவிகளில் எதிரொலி வைத்திருந்தார். யூ-ராய் மைக்கில் ஒரு சொல் சொன்னால் அது மதிலில் பட்டு, மாமரத்தில் பட்டு, திரும்பி அவரிடமே வரும் என்று கையால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார். "அதற்கு முன் எங்களில் யாருக்கும் குரல் அப்படித் திரும்பி வந்ததில்லை."

இறைச்சி வாட்டும் புகை, மண் தரை, இடுப்பளவு ஒலிபெருக்கிப் பெட்டிமேல் படுத்துத் தூங்கிய ஒரு குழந்தை. அந்தக் குழந்தையைப் பற்றி மட்டும் மூன்று தடவை சொன்னார். யாருடைய குழந்தை என்று எழுதிக் கேட்டேன். பதில் சொல்லவில்லை.

கடிதம் வரவில்லை.

பெப்ரவரி 18, வியாழன்

யூ-ராய் நேற்று இறந்துவிட்டார். கிங்ஸ்டனில், பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில். வயது 78.

பத்து நாளாகத்தான் எனக்கு அவரைத் தெரியும். சுவர் இன்று முழுவதும் சத்தமில்லை. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை காதை வைத்துப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய்ச் சத்தம் மட்டும்.

பெப்ரவரி 19, வெள்ளி

இரங்கல் கட்டுரைகள் எல்லாவற்றிலும் "ராப் இசையின் பாட்டனார்". எரிச்சலாக இருக்கிறது. ஹிப்-ஹொப்பைத் தொடக்கிவைத்த கூல் ஹெர்க் கிங்ஸ்டனில் பிறந்து நியூயார்க்குக்குப் போனவர், 1973இல் பிராங்ஸில் நடத்திய விருந்தில் சவுண்ட் சிஸ்டம் பழக்கம் இருந்தது, எல்லாம் சரி. ஆனால் ஒரு மனிதரின் பெறுமதியைச் சொல்ல அமெரிக்காவில் யார் பணக்காரரானார் என்று காட்ட வேண்டுமா? பேரனைச் சொல்லித்தான் பாட்டனை அறிமுகப்படுத்துவதா?

நானாக எழுதியிருந்தால் இப்படித் தொடங்குவேன்: பெயர் எவார்ட் பெக்ஃபோர்ட். 1942, ஜோன்ஸ் டவுன். எவார்ட் என்று சொல்ல வராத வீட்டுச் சின்னப்பிள்ளையின் மழலையில் "யூ-ராய்" வந்தது. 1961இல் டிக்கி வோங் என்பவரின் சவுண்ட் சிஸ்டத்தில் மைக் பிடித்தார். பிடித்துப் பல வருடம் ஊர் ஊராகப் பேசினார். அந்தப் பேச்செல்லாம் அன்றைய இரவோடு போயிற்று, யாரும் பதியவில்லை. இசைத்தட்டில் பேச்சு எடுபடாது என்பது அன்றைய வியாபார அறிவு. இவருக்கு முன் கவுண்ட் மச்சூக்கி இருந்தார், கிங் ஸ்டிட் இருந்தார். மச்சூக்கியை இவர் குருவாகவே சொல்லிவந்தார். பாரகன்ஸின் ஜோன் ஹோல்ட் ஒரு நடனத்தில் தன் பாட்டின்மேல் இவர் பேசுவதைக் கேட்டார். கோபப்படவில்லை! நேரே டியூக் ரீடிடம் போய், இவரைப் பதிவு செய்யுங்கள் என்றார். முன்னாள் பொலிஸ்காரரான ரீட், மதுக்கடைக்கு மேலே இருந்த ஒலிக்கூடத்தில் துப்பாக்கியோடு திரிந்த மனிதர். அப்படிப்பட்டவரும் கேட்டுக்கொண்டார்.

ஜோன் ஹோல்ட்டின் இடத்தில் நான் இருந்திருந்தால்? என் நிகழ்ச்சியின்மேல் ஒருத்தி பேசினால்? போன வருடம் புதிதாக வந்த பிள்ளை என் முகப்பிசைமேல் இரண்டு வசனம் பேசியதற்கு ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை.

பெப்ரவரி 20, சனி

இன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் கதைக்கலாம். நான்கரை நிமிடத்தை வங்கியின் தொலைபேசி இயந்திரம் தின்றது. நான் சொன்னது அதற்கு விளங்கவில்லையாம்.

பெப்ரவரி 22, திங்கள்

பிரதமர் ஊரடங்கை எப்படித் தளர்த்துவது என்று திகதி திகதியாகச் சொல்கிறார். எனக்கு ஒரே ஒரு திகதி சொன்னால் போதும்.

சில டஜன் என்றால் எத்தனை? முப்பதா, ஐம்பதா?

பெப்ரவரி 24, புதன்

வானொலியில் என் பழைய நிகழ்ச்சியை மறுஒலிபரப்புச் செய்கிறார்கள். குசினியில் உருளைக்கிழங்கு உரித்தபடி கேட்டேன். அந்தக் குரல் தெளிவாக, கொஞ்சம் திமிராக இருக்கிறது. மூன்றாவது பாட்டுக்கு முன்னிசை பன்னிரண்டு விநாடி. சரியாகப் பதினொன்றில் முடித்திருக்கிறேன். மகள், "அம்மா, நீங்கள் வேலைக்குப் போயிருக்கிறீர்கள்" என்றாள்.

சுவர் இன்று மறுபடி அதிரத் தொடங்கியது. ஆறு நாள்.

பெப்ரவரி 26, வெள்ளி

ஐந்து நிமிடத்தையும் வேலியோரம் செலவழித்தேன். என் குரலைக் கேட்டுப் பெரியவர் முகத்தைச் சுளித்தார். "தேய்ந்த தட்டு" என்றார். நான் அவரிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் யூ-ராய் தானே ஒரு சவுண்ட் சிஸ்டம் வைத்திருக்கிறார், ஸ்டர்-காவ் என்று, பிள்ளைகளின் பெயரை ஒட்டி. ரேங்கிங் ஜோ, சார்லி சாப்ளின், ஜோசி வேல்ஸ் எல்லாரும் அங்கே மைக் பிடித்து வளர்ந்தவர்கள். ஆம், சார்லி சாப்ளின். தியேட்டரிலிருந்து பெயரை எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். தான் பேசாமல், பிள்ளைகள் பேசுவதைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்கும் யூ-ராயை நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு வராது அந்தக் குணம்.

அந்தப் புதுப் பிள்ளைக்கு ஒரு செய்தி எழுதினேன். அனுப்பவில்லை.

பெப்ரவரி 28, ஞாயிறு

அனுப்பினேன்.

மார்ச் 2, செவ்வாய்

காலை 9.40க்கு இலக்கம் மறைத்த ஓர் அழைப்பு. குளியலறையில் இருந்தேன். மகள் எடுத்து, "அம்மா கதைக்க மாட்டார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பத்து மணியிலிருந்து கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து நிமிடமும் அப்படியே இருக்கிறது.