மாடல் டி: பெட்ரோல் குழாயைப் பெரிதாக்கினால் மேடு ஏறுமா?

ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் பம்ப் கிடையாது. முன் இருக்கைக்கு அடியிலுள்ள தொட்டியிலிருந்து, பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தானாகவே இறங்கி வர வேண்டும். செங்குத்தான மேட்டில் எஞ்சின் திணறினால், கால் அங்குலக் குழாயைக் கழற்றிவிட்டு 5/16 அங்குலம் போடச் சொல்பவர்கள் உண்டு. அதைச் சோதித்துப் பார்த்தேன்.

முதலில் தேவை எவ்வளவு என்று கணக்கிட்டேன். 20 குதிரைத்திறன் எஞ்சின் முழுவேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 9 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால், நிமிடத்துக்கு 150 மி.லி. போதும்.

ஒரு தகர டப்பா, ஒன்றரை மீட்டர் நீளத்தில் வெவ்வேறு அளவுச் செம்புக் குழாய்கள், அளவுக் குவளை. பெட்ரோலுக்குப் பதில் தண்ணீர். அது பெட்ரோலைவிடச் சற்று மெதுவாகவே ஓடும் என்பதால், தண்ணீருக்குப் போதுமான குழாய் பெட்ரோலுக்கும் போதும்.

20 செ.மீ. உயரத்திலிருந்து விட்டபோது கால் அங்குலக் குழாய் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் தந்தது. 3/16 அங்குலம் 200 மி.லி.யைத் தாண்டியது, ஆனால் உயரத்தை 5 செ.மீ.யாகக் குறைத்ததும் பாதித் தேவைக்குக்கூட எட்டவில்லை. 1/8 அங்குலத்தில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. 5/16 ஒரு லிட்டருக்கு மேல் கொட்டியது. ஆனால் முனையில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் சிறு துளையான ஊசி வால்வைப் பொருத்தியவுடன், அதற்கும் கால் அங்குலத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்தச் சின்னத் துளைதான் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது.

பிறகு, மேட்டில் காரின் முன்பக்கம் உயர்வதைப் போல, கார்புரேட்டர் பக்கத்தை உயர்த்தினேன். தொட்டிக்கும் கார்புரேட்டருக்கும் 1.2 மீட்டர் இடைவெளி என்றால், ஆறுக்கு ஒன்று என்ற சரிவிலேயே 20 செ.மீ. உயர வித்தியாசம் காணாமல் போய்விடும். அப்போது எந்தக் குழாயிலும் ஒரு துளி வரவில்லை. மாடல் டி ஓட்டிகள் செங்குத்தான மேட்டில் பின்பக்கமாக ஏறியதற்குக் காரணம் இதுவே; அப்போது தொட்டி கார்புரேட்டரைவிட மேலே இருக்கும். அதன் ரிவர்ஸ் கியர் முதல் கியரைவிட வலுவானது என்பதும் கைகொடுத்தது. 1926 மாடலில் பெரும்பாலான வண்டிகளுக்குத் தொட்டியை எஞ்சினுக்கும் முன்பக்கக் கண்ணாடிக்கும் இடையே உயர்த்தி வைத்தார்கள். குழாயை மாற்றுவதைவிட அதுதான் சரியான தீர்வு.

ஒளி ஊடுருவும் குழாயை நடுவில் சற்று மேலே வளைத்தும் பார்த்தேன். வளைவின் உச்சியில் ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்துகொண்டு, தட்டினாலும் நகராமல் ஓட்டத்தைப் பாதியாக்கியது. ஆகவே கால் அங்குலமே இருக்கட்டும். தொட்டியிலிருந்து கார்புரேட்டர் வரை எங்கும் மேலேறாமல், புகைக்குழாயின் சூடு படாமல் அதை வளைத்துப் பொருத்துவதே அடுத்த வேலை.