ஹாங்காங்ல ஃப்ரெஞ்ச் டோஸ்ட்டுன்னா சா சான் டெங்தான்

ஹாங்காங் போறவங்க டிம் சம், எக் டார்ட், பீக் ட்ராம்னு ஒரு லிஸ்ட் வச்சிருப்பாங்க, தயவுசெஞ்சு அதுல ஃப்ரெஞ்ச் டோஸ்ட்டையும் சேர்த்துக்கோங்க. பெரிய ஹோட்டல்ல ஞாயித்துக்கிழமை ப்ரஞ்ச்சுக்கு ஸ்ட்ராபெர்ரி வச்சு ஐசிங் சுகர் தூவி தர்றாங்களே, அதை சொல்லல. அது எந்த ஊர்லயும் கிடைக்கும். நான் சொல்றது சா சான் டெங்னு அங்க தெருவுக்கு தெரு இருக்கற டீக்கடை மாதிரியான சின்ன ரெஸ்டாரண்ட்ல கிடைக்கற "சை தோ சி". எனக்கு அந்த ஊர்ல ரொம்ப பிடிச்ச சாப்பாடு இதுதான்.

என்னன்னா, ரெண்டு ஸ்லைஸ் வெள்ளை பிரெட், பெரும்பாலும் ஓரத்தை வெட்டிடுவாங்க, நடுவுல பீநட் பட்டர் தடவி, அடிச்ச முட்டைல நல்லா முக்கி, அப்படியே எண்ணெய்ல போட்டு பொரிச்சு எடுக்கறாங்க. நம்ம வீட்ல தோசைக்கல்லுல நெய் விட்டு போடற பாம்பே டோஸ்ட் வேற, இது வேற. எல்லா பக்கமும், சைடுல கூட, பொன்னிறமா உப்பி வரும், மேல ஒரு துண்டு வெண்ணெய், அது உருகி வழிய வழிய கோல்டன் சிரப் இல்லன்னா கண்டென்ஸ்டு மில்க் ஊத்தி சாப்பிடணும். பீநட் பட்டருக்கு பதிலா தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து பண்ற காயா ஜாம் வைக்கற கடையும் இருக்கு, சாத்தேங்கற மசாலா சாஸ்ல போட்ட மாட்டுக்கறி வைக்கற கடையும் இருக்கு, அதனால மாட்டுக்கறி சாப்பிடாதவங்க ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி உள்ள என்ன வச்சிருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. முட்டை சாப்பிடுவேன் ஆனா கறி ஆகாதுன்னு இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு, இந்த மாதிரி சின்ன கிச்சன்ல சிக்கன் விங்ஸ் பொரிக்கற எண்ணெய்லயே இதையும் பொரிக்க வாய்ப்பு இருக்கு, அது பரவால்லையான்னு நீங்கதான் முடிவு பண்ணிக்கணும்.

இது எப்படி வந்துச்சுங்கறதும் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். 1997 வரைக்கும் பிரிட்டிஷ்காரங்க ஆண்ட ஊர், அந்த காலத்துல வெள்ளைக்காரன் சாப்பாடுன்னா பணக்காரங்க போற ரெஸ்டாரண்ட்லதான், ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சப்புறம் சாதாரண ஜனங்களுக்காக பிங் சட்னு ஐஸ், கூல் ட்ரிங்க்ஸ் விக்கற கடைகளும் சா சான் டெங்குகளும் பெருகி, அதே சாண்ட்விச், டோஸ்ட், மாக்கரோனி எல்லாத்தையும் தங்களுக்கு கட்டுப்படியாகற விலைல தங்களுக்கு பிடிச்ச மாதிரி மாத்தி பண்ண ஆரம்பிச்சாங்க. ஃப்ரெஷ் பாலுக்கு பதிலா டின்ல வர்ற எவாப்பரேட்டட் மில்க், மேப்பிள் சிரப்புக்கு பதிலா இங்கிலாந்துலேர்ந்து வந்த கோல்டன் சிரப். ஏதோ இல்லாததுக்கு அட்ஜஸ்ட் பண்ணினதுன்னு இதை நினைக்கவே கூடாது, ஒரு கடி கடிச்சா இது தனக்குன்னு ஒரு ருசி இருக்கற சாப்பாடுன்னு புரிஞ்சிடும்.

கூடவே மில்க் டீ வாங்கியே ஆகணும், இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சிலோன் டீத்தூள் தான் அதுக்கு அடிப்படை, நம்ம மலையகத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையா கொழுந்து பறிக்கற அதே இலங்கைத் தேயிலை. அதை நீளமான துணிப் பைல போட்டு திரும்ப திரும்ப ஊத்தி வடிகட்டி அவ்வளவு ஸ்ட்ராங்கா இறக்குவாங்க, பை டீ கறை ஏறி பழுப்பா ஸ்டாக்கிங்ஸ் மாதிரி தெரியறதால சில்க் ஸ்டாக்கிங் டீன்னே பேர். இந்த மில்க் டீ போடற கலையை 2017ல ஹாங்காங் அரசு தன்னோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு. டோஸ்ட்டோட எண்ணெய், வெண்ணெய், இனிப்பு எல்லாம் சேர்ந்து திகட்ட ஆரம்பிக்கற நேரத்துல அந்த துவர்ப்பு ஒரு வாய் உள்ள போனா அடுத்த கடிக்கு வாய் ரெடியாயிடும். டீயும் காபியும் கலந்த யுவென்யுங்னு ஒண்ணும் இருக்கு, அதையும் ஒரு தடவை குடிச்சு பாருங்க, ஆனா டோஸ்ட்டுக்கு டீதான் சரி.

எங்க போறது? முதல் தடவை போறவங்களுக்கு சென்ட்ரல்ங்கற ஏரியால கேஜ் ஸ்ட்ரீட்ல இருக்கற லான் ஃபோங் யுவென். 1952லேர்ந்து இருக்கற கடை, சில்க் ஸ்டாக்கிங் டீக்கு பேர் போனது. மலைச்சரிவுல ஏறிப்போற மிட் லெவல்ஸ் எஸ்கலேட்டர்லேர்ந்து ரெண்டு நிமிஷ நடை, வெளிய பழைய தகர ஸ்டால், உள்ள நெருக்கமா ஸ்டூல், பாக்கவே அழகு. க்யூ இருக்கும். கவுலூன் பக்கம் தங்கியிருந்தா பிரின்ஸ் எட்வர்ட் ஸ்டேஷன்ல இறங்கி ப்யூட் ஸ்ட்ரீட்ல காம் வா கஃபே, அங்க எல்லாரும் வெண்ணெய் வச்ச பைனாப்பிள் பன்னுக்குத்தான் (மேல்பக்கம் அன்னாசித்தோல் மாதிரி தெரியறதால அந்த பேர்) வருவாங்க, அதையும் வாங்குங்க, டோஸ்ட்டையும் வாங்குங்க, ரெண்டு பேரா போனா பாதி பாதி. ஜோர்டன்ல இருக்கற ஆஸ்திரேலியா டெய்ரி கம்பெனியும் எல்லா லிஸ்ட்லயும் இருக்கும், அது ஸ்க்ராம்பிள்டு எக்குக்கும் ஆவில வேகவச்ச பால் புட்டிங்குக்கும் போக வேண்டிய இடம். இதெல்லாம் வேண்டாம், கூட்டம் ஆகாதுன்னா ஷாம் ஷுய் போ ஸ்டேஷன்ல இறங்கி சும்மா நடங்க, வயசானவங்க பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கற எந்த சா சான் டெங்குக்குள்ளயும் தைரியமா நுழையலாம்.

நல்ல டோஸ்ட்டான்னு கண்டுபிடிக்க எண்ணெயை பாத்தா போதும். சூடு பத்தலன்னா பிரெட் எண்ணெயை குடிச்சு கனமா தட்டுல படுத்திடும், நல்லா காஞ்ச எண்ணெய்ல போட்டதுன்னா மேல மொறுமொறுன்னும் உள்ள முட்டை கஸ்டர்டு மாதிரி நெகிழ்ந்தும் இருக்கும். ஆர்டர் பண்ணினப்புறம் பொரிக்கற கடையா பாருங்க, அஞ்சு பத்து நிமிஷம் ஆனாலும் பரவால்ல. சிரப்பை தனியா தர்ற கடைன்னா இன்னும் நல்லது, கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கலாம், மொத்தமா ஊத்தினா மொறுமொறுப்பு போயிடும்.

நேரம் முக்கியம். பன்னெண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் ஆபீஸ் கூட்டம் சாப்பாட்டுக்கு குவியும், அப்போ டோஸ்ட்டையும் டீயையும் வச்சு உக்காந்து ரசிக்க முடியாது. காலைல பத்து, பத்தரை தான் நம்ம ப்ரஞ்ச் டைம், இல்லன்னா ரெண்டேகாலுக்கு மேல டீ செட் ஆரம்பிக்கும், அதுல டோஸ்ட்டும் டீயும் சேர்த்து விலை குறைவா வரும். தெரியாதவங்களோட ஒரே டேபிள்ல உக்கார வைப்பாங்க, அது அங்க சகஜம். ஐஸ் போட்ட டீன்னா சில ஹாங்காங் டாலர் கூட வாங்குவாங்க, "துங் லாய் சா"ன்னு கேளுங்க, இனிப்பு கம்மியா வேணும்னா "சியூ திம்". பில் டேபிள்லயே வச்சிருப்பாங்க, எடுத்துட்டு போய் வாசல் கவுன்ட்டர்ல கட்டணும். கார்டு எடுக்காத கடைகள் இன்னமும் இருக்கு, கைல சில்லறையா கேஷ் வச்சுக்கிட்டு போங்க.