பாண்டியிலிருந்து பாரிஸ்: டிக்கெட்டில் போடாத மணி நேரங்கள்

சென்னைக்கும் பாரிஸுக்கும் நேர் தூரம் சுமார் 8,020 கிலோமீட்டர். துபாய் வழியாகப் போனால் சென்னை–துபாய் 2,930, துபாய்–பாரிஸ் 5,240, மொத்தம் 8,170. கூடுதல் 150 கிலோமீட்டர்தான். பாண்டியிலிருந்து மீனம்பாக்கம் போகிற தூரம். ஆகவே ‘துபாய் சுத்துவழியாச்சே’ என்று தயங்க வேண்டாம். நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருப்பதுதான். இரண்டு முதல் மூன்றரை மணி நேர இடைவெளி சரியாக இருக்கும். ஒன்றரை மணிக்குக் கீழே வேண்டாம். முதல் விமானம் கொஞ்சம் தாமதமானாலும், மறுபடி பாதுகாப்புச் சோதனை முடித்து அடுத்த கேட்டுக்கு ஓட வேண்டியிருக்கும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணி. பாரிஸில் இறங்கும் நேரத்தோடு கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி கூட்டினால் இந்திய நேரம் வரும். அதிலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழியுங்கள். விடியற்காலை 4:00 மணிக்குக் கிளம்பி பகல் 1:30க்கு இறங்கினால் ஜூலையில் 13 மணி நேரப் பயணம், டிசம்பரில் 14. அங்கே மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுவார்கள். அழைத்துப்போக வருபவருக்குப் பாரிஸ் மணியிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி சாலை. நிஜமான கவலை இங்கேதான். பாண்டியின் லாஸ்பேட்டை விமான நிலைய ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர். ஏடிஆர் மாதிரி சின்ன விமானத்துக்குத்தான் போதும். அதனால் சென்னைக்குத்தான் போக வேண்டும். கார் சாதாரணமாக மூன்று மணி நேரம் எடுக்கும், கையில் இன்னொரு மணி வைத்துக்கொள்ளுங்கள். 4:00 மணி விமானத்துக்கு 1:00 மணிக்கு உள்ளே இருக்க வேண்டுமானால் பாண்டியில் இரவு 9:00க்கு வண்டி எடுக்க வேண்டும், கடலூரில் 8:00க்கு. திண்டிவனம் வழி நேராக விமான நிலைய வாசலிலேயே கொண்டுவிடும். ஆனால் ஞாயிறும் விடுமுறை முடிகிற நாளும் ஊர் திரும்புகிற கூட்டம் பரனூர் டோல்கேட்டிலும் பெருங்களத்தூரிலும் அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு ஈசிஆரில் போய், சோழிங்கநல்லூர், துரைப்பாக்கம் வழியாக ரேடியல் ரோட்டைப் பிடித்தால் பல்லாவரத்தில் விமான நிலையச் சாலையில் ஏறலாம். தாம்பரம் பக்கமே போக வேண்டாம். மரக்காணம் பக்கம் இருட்டு, மாடுகளும் படுத்திருக்கும். டிரைவரை விரட்டாதீர்கள்.

கவுண்டரில் பெட்டிக்கு ஒட்டும் பட்டையைப் படித்துப் பாருங்கள். கடைசி ஊராக ‘சிடிஜி’ (பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையத்தின் குறியீடு) என்று இருந்தால் பெட்டி நேரே பாரிஸ் போகும். இரண்டு விமானத்தையும் தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால், பெரும்பாலும் நடு ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரும்; அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். மலிவு என்று இதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நம் ஊரில் ஒரே வீட்டில் இரண்டு நாட்டு பாஸ்போர்ட் இருப்பது சகஜம். பாரிஸில் பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர் சீக்கிரம் வெளியே வந்துவிடுவார், இந்திய பாஸ்போர்ட்டோடு வரும் அம்மா வரிசையில் நிற்பார். விசா, தங்கும் இடத்தின் கடிதம், திரும்பும் டிக்கெட் எல்லாம் அம்மாவின் கைப்பையிலேயே இருக்கட்டும். பெட்டியும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயிலில் பாரிஸ் நகரின் கார் து நோர் ஸ்டேஷனுக்குச் சுமார் 35 நிமிடம்.

திரும்பும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி குறையும். பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர் ஓசிஐ அட்டையை (இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வர உதவும் அட்டை) கையிலேயே வைத்திருக்க வேண்டும். காரை இறங்கும் நேரத்துக்கு ஒரு மணி தள்ளி வரச் சொல்லுங்கள். கார் வேண்டாம் என்றால் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போய் பாண்டி பஸ் பிடிக்கலாம்.