கோழி வறுக்கும் ஊரில் கஞ்சிக் கூட்டம்

இந்த வாரம் மட்டும் மூன்று பேர் போனில் கேட்டுவிட்டார்கள்: "ஆச்சி, அஞ்சாம் தேதி உண்டா, இல்லையா?" உண்டு. அக்டோபர் 5, வள்ளலார் பிறந்த நாள், வழக்கம்போல எங்கள் வீட்டு முகப்பில்தான். ஆவணிப் பூசக் கூட்டம் மட்டும் ஏன் ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது, ஆச்சிக்கும் பங்காளிகளுக்கும் என்ன சண்டை என்று ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். நானே எழுதிவிடுகிறேன், கதை குறையும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. சன்மார்க்க சங்கம் என்றதும் மண்டபம், உண்டியல், தலைவர், பொருளாளர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடத்தில் வரும் ஊர், மாதப் பூசத்தன்று கூடுகிற முப்பது நாற்பது பேர், அவ்வளவுதான். சிலை இல்லை. முகப்புச் சுவரில் அந்தக் காலத்து பெல்ஜியம் கண்ணாடி ஒன்று பாதி ரசம் போய் நிற்கிறது, அதன் முன்னால் ஒரு விளக்கு. அருட்பெருஞ்ஜோதி மந்திரம் சொல்வோம், கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் வாசிப்பு, அப்புறம் கஞ்சி. பாதிப் பேர் வருவது கஞ்சிக்குத்தான், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வள்ளலாரே 1867-ல் வடலூரில் தருமச்சாலை திறந்து அடுப்பை மூட்டிவிட்டு, ஐந்து வருஷம் கழித்து 1872-ல்தான் ஞானசபையைத் திறந்தார். சோறு முதலில், ஜோதி அப்புறம். அந்த அடுப்பை இன்று வரை அணையவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

நான் இதில் வந்து சேர்ந்தது பக்தியால் இல்லை, ஒரு அண்டாவால். என் கல்யாணத்தில் சாமான் பரப்பியபோது வைத்த பித்தளை அண்டா, எங்கள் அப்பச்சி வீட்டு விலாசம் வெட்டியது, முப்பத்தெட்டு வருஷம் இரண்டாங்கட்டில் உள்ள அறையில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு தடவைகூட அடுப்பில் ஏறவில்லை. எங்கள் செட்டியார் தவறிய பிறகு பிள்ளைகளும் வெளியூர் போய்விட, ஒரு நாள் தெருவில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் பாத்திரம் பத்தவில்லை என்று வாசலில் வந்து கேட்டார்கள். கொடுத்தேன். திருப்பிக் கொண்டுவந்து வைத்தபோது அடியெல்லாம் கரி. அந்தக் கரியைத் தேய்த்துக்கொண்டே இருந்தவள்தான், அடுத்த பூசத்துக்கு அண்டாவோடு நானும் போய்விட்டேன்.

மூன்றாவது மாதமோ நாலாவது மாதமோ, விளக்கேற்றுகிற நேரத்தில் ஒரு சின்னப் பெண் தீப்பெட்டியை என் கையில் கொடுத்து "நீங்க ஏத்துங்க ஆச்சி" என்றாள். நான் பின்னால் நகர்ந்தேன். என்னைப் போன்றவர்கள் நல்ல காரியத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று எங்கள் பக்கம் யாரும் வாயால் சொல்வதில்லை, நமக்கே தெரிந்திருக்கும், தூண் மறைவில் போய் நின்றுகொள்வோம். அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியவில்லை, அல்லது தெரிந்துதான் கொடுத்தாளோ என்னவோ. ஏற்றினேன். அப்புறம்தான் அங்கே இருந்த புத்தகத்தில் படித்தேன், புருஷன் இறந்தால் பெண்டாட்டி தாலியைக் கழற்ற வேண்டாம் என்று வள்ளலார் அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கழற்றி எடுத்துப் பதினோரு வருஷம் ஆன பிறகு படிக்கிறேன். கோபம்தான் வந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே சொன்ன சங்கதியை எங்கள் வீட்டில் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை பாருங்கள்.

சரி, சண்டைக்கு வருகிறேன். சண்டை இரண்டு, ஒன்று சமையல்காரரைப் பற்றி, இன்னொன்று வீட்டைப் பற்றி.

செட்டிநாடு என்றாலே வெளியூர்க்காரருக்குக் கோழிதான். சென்னையில் போர்டு மாட்டுகிறவர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள். இந்த ஊரில் உட்கார்ந்து புலால் மறுப்பு பேசுவது லேசுப்பட்ட காரியமில்லை. எங்கள் கூட்டத்தில் கஞ்சி காய்ச்சுகிறவர் வாரம் முழுக்க மெஸ் நடத்துகிறவர், நாட்டுக்கோழியும் சுக்காவும்தான் அவர் பிழைப்பு. பூசத்தன்று கடையை மூடிவிட்டு, குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தன் சொந்தக் கரண்டியைத் துண்டில் சுற்றி எடுத்து வருவார். நொய்யை எப்போது போடுவது, பாசிப்பருப்பு எத்தனை பிடி, விறகை எப்போது வெளியே இழுப்பது என்பது அவர் கைக்குத்தான் தெரியும். மணம் வைத்தே சொல்லிவிடுவார், மூடியைத் திறக்க மாட்டார்.

போன வருஷம் வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரியவர், நல்ல படிப்பாளி, இதைக் கேள்விப்பட்டு முகம் சுளித்தார். புலால் உண்பவர்களை வள்ளலார் புறவினத்தார் என்றல்லவா சொல்லியிருக்கிறார், வெட்டிச் சமைக்கிற கை தருமக் கஞ்சியில் படலாமா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மெஸ்காரர் பதில் பேசவில்லை. கரண்டியைத் துண்டில் சுற்றினார், கொல்லைப்பக்கம் போய் விறகு பிளக்க ஆரம்பித்துவிட்டார். அடுப்பை நாங்கள் நாலு பொம்பளைகள் எடுத்துக்கொண்டோம். இத்தனை பேருக்குக் காய்ச்சிப் பழக்கமில்லாத கை, பேச்சு வேறு. அன்றைக்கு அடிப்பிடித்த நாற்றம் தெருக்கோடி வரை போனது. பெரியவரும் அதைத்தான் குடித்தார், பாவம், ஒன்றும் சொல்லாமல்.

அவர் கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். புறவினத்தார் என்ற சொல் இருக்கிறது, நாங்கள் யாரும் அதை மறைக்கவில்லை. ஆனால் அதே வள்ளலார் ஜீவகாருண்யத்தைப் பற்றி எழுதும்போது பசித்து வந்தவன் எந்த ஊர், எந்தச் சமயம், எந்தச் சாதி, என்ன செய்கிறவன் என்று விசாரிக்கவே கூடாது என்கிறார். தின்கிறவனை விசாரிக்கக் கூடாது என்றால் காய்ச்சுகிறவனை மட்டும் விசாரிப்பானேன்? இது என் கட்சி. எங்கள் கூட்டத்தில் வாசிக்கிற வாத்தியாருக்கு இதில் உடன்பாடு இல்லை, அவர் இன்னமும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். கடைசியில் நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு இதுதான்: சங்கத்து அடுப்பில் புலால் ஏறாது, பூசத்தன்று கரண்டி பிடிப்பவர் அன்றைக்குத் தொடக் கூடாது, அவரவர் வீட்டு அடுப்படியை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. மூன்றாவதுதான் எனக்கும் வசதி. நான் புலாலை விட்டது மூன்றாவது முயற்சியில். அயிரை மீன் குழம்பை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கும்.

இனி வீடு. எங்கள் செட்டியாரின் ஐயா கட்டிய வீடு, இன்றைக்குப் பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்குப் பாத்தியம். சாவி என்னிடம் இருந்தாலும் வீடு என்னுடையது இல்லை. ஆடியில் நடந்த பூசக் கூட்டத்துப் போட்டோ ஒன்றை யாரோ வாட்ஸப்பில் போட, அது சுற்றிச் சுற்றிச் சென்னையில் இருக்கும் ஒரு பங்காளி கைக்குப் போயிருக்கிறது. பட்டாலை என்கிற மேடைக் கூடத்தில் தையல்கார பாய், காலனிப் பெண்கள், மெஸ்காரர், எங்கள் வாத்தியார் எல்லோரும் ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார்ந்திருக்கும் படம். "பட்டாலையில யார் உக்கார்றதுன்னு ஒரு முறை இருக்குல்ல ஆச்சி" என்றார் போனில். வள்ளலாரைப் பற்றிக் குறை சொல்லவில்லை, அவர் வீட்டிலும் படம் மாட்டியிருக்கிறதாம். வரிசைதான் குறை. அதனால்தான் ஆவணியில் கொட்டகைக்குப் போனோம். மழை வந்து விளக்கு இரண்டு தடவை அணைந்தது.

பிறகு முன்னோருக்கு வைக்கிற எங்கள் படைப்புக்கு எல்லாப் பங்காளிகளும் வந்திருந்தபோது, சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரம் பார்த்து நானே பேச்செடுத்தேன். கொஞ்ச நேரம் சத்தம். நான் குன்றக்குடி அடிகளாரைக்கூட இழுத்தேன், ஆதீனத்தில் இருந்துகொண்டே தமிழில் அர்ச்சனை வேண்டும் என்றவர், பெரியாரோடு நட்பாக இருந்தவர், அவர் நம் பக்கத்து ஊர்தானே என்று. எடுபடவில்லை. எங்களில் மூத்தவர், தொண்ணூறு வயசு, காது சரியாகக் கேட்காது, அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வர்ற ஆளுக மழைக்கு முன்னால ஓடு மாத்திக் குடுப்பாகளா?" எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டில் மேற்கூரை இறங்கி, மூன்று வருஷம் முன்னால் தூணும் நிலையும் காரைக்குடி பழைய சாமான் கடைக்குப் போனதை அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர். மாத்திக் குடுப்பாக என்று நான் சொல்லிவிட்டேன். யாரையும் கேட்காமல். இப்போது உங்களைத்தான் கேட்கிறேன்.

ஆகவே முதல் கூட்டம் ஓடு மாற்றுகிற கூட்டம்தான், வருகிற ஞாயிறு காலை ஆறு மணி. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வளவு முற்றத்துக்குள் தண்ணீர் நிற்கும், அதற்குள் உடைந்த நாட்டு ஓட்டைப் பிரித்து மாற்ற வேண்டும், மடையில் அடைத்திருக்கும் குப்பையை எடுக்க வேண்டும். மேலே ஏறத் தெரிந்த கொத்தனார் இருவர் வருகிறார்கள். மற்றவர்கள் கீழே நின்று ஓடு கை மாற்றினால் போதும். வயசானவர்கள் ஆத்தங்குடிக் கல் தளத்தைத் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைக்கலாம், சின்ன வயசில் எங்களுக்கு அதுதான் தண்டனை.

அக்டோபர் 5 அன்று காலை ஐந்தரைக்கு வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி அகவல் தொடங்கும். 1596 அடி, எங்கள் வேகத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது, நடுவில் எழுந்து போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். 2021-ல் அரசாங்கம் இந்த நாளைத் தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்ததிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் எட்டிப் பார்க்கிறார்கள், அவர்களுக்கென்று கும்மாயம் கிண்டுகிறோம். மற்றபடி கஞ்சி, வரமிளகாய்த் துவையல், வெண்டைக்காய் மண்டி, கண்மாய்க் கரையில் பறித்த கரிசலாங்கண்ணிப் பொரியல். கரிசலாங்கண்ணி வள்ளலாருக்குப் பிடித்த கீரை, பிள்ளைகளுக்குப் பிடிக்காத கீரை. புரட்டாசி ஆனதால் இந்த மாதம் பாதி ஊர் எங்கள் பக்கம்தான், கூட்டம் கூடும்.

அக்டோபர் 22 சாயங்காலம் சன்மார்க்கக் கொடி ஏற்றுகிறோம். 1873-ல் அந்தத் தேதியில்தான் வடலூருக்குப் பக்கத்து மேட்டுக்குப்பத்தில் கொடி கட்டிவிட்டு வள்ளலார் பேருபதேசம் செய்தார். மேலே மஞ்சள், கீழே வெள்ளை. போன வருஷம் தலைகீழாகக் கட்டிவிட்டு மறுநாள்தான் கவனித்தோம். கொடி ஏறிய பிறகு பேருபதேசத்தை வாத்தியார் வாசிப்பார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர், பிள்ளையார்பட்டிக்கு நடந்தே போகிறவர். அதில் வள்ளலார் எனக்கு முன்னால் சைவத்தில் இருந்த பற்று கொஞ்சநஞ்சமில்லை, இப்போது அதெல்லாம் போய்விட்டது, நீங்களும் விட்டுவிடுங்கள் என்கிற மாதிரி ஒரு இடம் வரும். ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்துக்கு வந்ததும் வாத்தியார் நிற்கிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். கை நெற்றிக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறது. பிறகு ஒரு சொல் விடாமல் முழுசாக வாசித்துவிடுகிறார், முடிந்ததும் "நான் இன்னும் அங்க வரலை" என்கிறார். அடுத்த வருஷமும் அவரையே வாசிக்கச் சொல்கிறோம். அவரை விட்டால் வேறு யார் வாசித்தாலும் எனக்கு அந்த இடம் சும்மா ஓடிவிடும்போல இருக்கிறது.

தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, இருந்தாலும் இரண்டு வேலை இப்போதே தொடங்க வேண்டும். ஒன்று, திரை. வடலூரில் அன்றைக்கு ஏழு திரையும் விலக்கி ஜோதி காட்டுவார்கள், கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் எல்லாம் கலந்த நிறம். நாங்களும் கண்ணாடி முன்னால் ஏழு திரை கட்டுகிறோம். கலப்பு நிறத்துக்குத் துணி கிடைக்காமல் பாய் போன தடவை வெட்டி மிஞ்சிய கண்டாங்கித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்துத் தந்தார், அதைப் பார்க்கவே அக்கம்பக்கத்து ஊரிலிருந்து பெண்கள் வந்தார்கள். கருப்புத் திரையை எலி கடித்துவிட்டது, அது மட்டும் புதிதாக வேண்டும்.

இன்னொன்று, பூசத்துக்கு முந்தின வாரம் நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்கள். குன்றக்குடியில் கூடி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போவார்கள், அவர்கள் போகிற ரோட்டில் இரண்டு நாள் அண்டாவை வைத்துக் கஞ்சியும் மோரும் ஊற்றுவோம். உருவ வழிபாடு வேண்டாம் என்கிற கூட்டத்துக்குக் காவடியோடு என்ன வேலை என்று நம்மிலேயே ஒருத்தர் கேட்டார். அவருக்கு அன்றைக்கு மோர் ஊற்றுகிற வேலையைக் கொடுத்தோம், இப்போது அவர்தான் வருஷா வருஷம் முதல் ஆளாகக் கேட்கிறார். வடலூருக்குப் போகிறவர்கள் ரயிலில் விருத்தாசலம், அங்கிருந்து நெய்வேலி வழியாக பஸ். பெயர் கொடுப்பவர்கள் மார்கழிக்குள் கொடுத்துவிடுங்கள்.

அரிசி நொய் இருபது கிலோ வந்துவிட்டது, பாசிப்பருப்பு இன்னும் ஆறு கிலோ வேண்டும். பணமாகத் தர வேண்டாம், கணக்கு எழுத எனக்குச் சோம்பல். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் பழைய துண்டு ஒன்று கொண்டுவாருங்கள், ஓட்டுத் தூசி மூக்கில் ஏறும். சென்னைப் பங்காளியும் வருகிறாராம், ஓடு எத்தனை உடைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க. மெஸ்காரரிடம் அன்றைக்கும் கரண்டியோடு வரச் சொல்லியிருக்கிறேன், எத்தனை பேருக்கு என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சனிக்கிழமை ராத்திரிக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள்.