சிரட்டையில் ஊற்றிய தேத்தண்ணீர்

'டிஸ்கஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல் நாக்கில் பிறந்தது. லத்தீனில் 'குஸ்டுஸ்' என்றால் சுவை. அதற்கு முன்னால் எதிர்மறையான 'டிஸ்' ஒட்டி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஊசிப்போன கறியைக் கண்டு முகம் சுளிப்பதற்கான சொல். கிளிநொச்சியில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இந்தச் சொல் வந்தால் 'அரியண்டம்' என்பேன்; உடனே விளங்கிவிடும்.

வாயில் பிறந்த சொல் வாயோடு நிற்கவில்லை. உணர்ச்சிகள் முகத்தில் வெளிப்படும் விதம் பற்றி சார்ல்ஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட நூலில் ஒரு சம்பவம் வருகிறது. தென் அமெரிக்காவின் தென்கோடியில், டியரா டெல் ஃபுவேகோவில், அவர் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவ்விடத்துப் பழங்குடி மனிதர் ஒருவர் அதை விரலால் தொட்டுப் பார்க்கிறார். அதன் மெதுமெதுப்பு அவருக்கு அருவருப்பு. டார்வினுக்கோ அவர் தொட்டதே அருவருப்பு. அந்தக் கை அழுக்காகத் தெரியவில்லை என்றும் டார்வினே எழுதியிருக்கிறார். அதை மறைக்காமல் எழுதியதற்காக அவரை மதிக்கிறேன்.

எங்கள் அம்மாயி 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து பிள்ளைகளோடு வன்னிக்கு வந்தவர். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் களை பிடுங்கினார், அரிவி வெட்டினார். காலையில் வயலுக்குத் தேத்தண்ணீர் வரும். வயற்காரர் வீட்டு ஆட்களுக்கு மூக்குப்பேணி என்ற மூக்கு வைத்த உலோகக் குவளை. அம்மாயிக்கும் கூட வந்த பெண்களுக்கும் தேங்காய்ச் சிரட்டை. கேத்தில் சிரட்டையில் முட்டிவிடாதபடி உயரப் பிடித்து ஊற்றுவார்களாம். கொதிக்கிற தேத்தண்ணீர் புறங்கையில் தெறிக்கும். குடித்த சிரட்டையை வரம்பில் கவிழ்த்து வைக்க வேண்டும். மறுநாளும் அதே சிரட்டைதான்.

அந்த வயலின் நெல்லை அரிந்து, கட்டி, சூடடித்து, தூற்றிக் கொடுத்ததும் அதே கைகள். அந்த நெல்லுச் சோறு அந்த வீட்டாருக்கு ஒருநாளும் அரியண்டமாக இருக்கவில்லை. நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிகிறது. இந்த அருவருப்பைத் தொல்காப்பியம் இளிவரல் என்கிறது; அதற்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று நான்கு காரணங்கள் சொல்கிறது. இன்னொருவர் கை பட்டது என்று ஒரு காரணம் அதில் இல்லை.

இந்தத் தவணை அந்தச் சொல் வரும்போது டார்வினின் பந்தியையும் வாசிக்கக் கொடுக்கப்போகிறேன். சிரட்டையில் குடித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் ஊற்றிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள். அம்மாயியின் கதையை இரண்டு பகுதியாருக்கும் சேர்த்தே சொல்வேன்.